ஆழ்சிரை உறைகட்டியை எம்ஆர்ஐயில் கண்டறிதல்: புதிதாக ஸ்கேன் அறைக்கு வருபவர்களுக்கு

ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை கனத்து வலிக்கும் நோயாளிக்கு, ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாக அடைத்திருக்கிறதா (ஆழ்சிரை உறைகட்டி) என்று பார்க்க முதலில் செய்வது டாப்ளர் ஸ்கேன்தான், அதாவது ஒலியலையால் ரத்தக் குழாயைப் பார்ப்பது. சிரையின் மேல் புரோபை வைத்து அழுத்துவார்கள். நல்ல சிரை அமுங்கி மூடிக்கொள்ளும். உறைகட்டி அடைத்த சிரை அமுங்காது. படுக்கையருகிலேயே முடிகிற வேலை. தொடைக்கும் முழங்காலுக்கும் இதைவிட நல்ல முதல் பரிசோதனை கிடையாது. ஆகவே ஆழ்சிரை உறைகட்டி சந்தேகத்தோடு ஒருவர் எம்ஆர்ஐ அறைக்கு வந்தால், டாப்ளரால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி என்னவென்று தெரியாமல் அவரை மேசையில் ஏற்ற வேண்டாம். எந்த சீக்வென்ஸ் (படம் எடுக்கும் முறை), எந்த வரிசை, கான்ட்ராஸ்ட் (ரத்தத்தை எடுத்துக்காட்டும் ஊசி மருந்து) வேண்டுமா என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

என்ன கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்?

அடிக்கடி வருவது இடுப்புக் கேள்வி. இலியாக் சிரைகளும், அவை சேர்ந்து உருவாகும் கீழ்ப்பெருஞ்சிரையும் ஆழத்தில் ஓடுகின்றன. மேலே குடல் வாயு மறைக்கிறது, புரோபால் அழுத்திப் பார்க்கவும் வழியில்லை. கால் முழுக்க வீங்கியிருந்தும் தொடைவரை டாப்ளர் சுத்தமாக வந்தால், சந்தேகம் இடுப்புக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளில் இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு உறைகட்டி பெரும்பாலும் இடது காலில் வருகிறது; இலியாக் சிரையில் மட்டும் இருந்து, தொடையில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

அடுத்தது, முன்பு உறைகட்டி வந்த அதே காலில் மறுபடி வலி. பழைய உறைகட்டி வடுவாகிச் சிரைச்சுவரில் ஒட்டிக்கிடக்கும்போது அந்தச் சிரை டாப்ளரில் அமுங்காது. அமுங்காததற்குக் காரணம் பழைய வடுவா, நேற்று வந்த புது உறைகட்டியா என்று அழுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது. எம்ஆர்ஐ மிகச் சிறப்பாகப் பதில் சொல்லும் கேள்வி இது. மாவுக்கட்டு, கடும் பருமன், புரோப் வைக்க முடியாத புண் போன்ற காரணங்களாலும் சிலர் வருவார்கள்.

ஆடுசதையில் இருக்கும் சின்ன உறைகட்டியை ஒதுக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் கவனம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான கணக்கின்படி, முழங்காலுக்கு மேலுள்ள உறைகட்டிகளில் 93.9 சதவீதத்தை எம்ஆர்ஐ பிடித்தது. முழங்காலுக்குக் கீழே 62.1 சதவீதம்தான். ஆடுசதை சுத்தம் என்று அடித்துச் சொல்லும் முன் இந்த எண் நினைவில் இருக்கட்டும்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் படமா, உறைகட்டியைக் காட்டும் படமா?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எம்ஆர்ஐயில் உறைகட்டியைத் தேட இரண்டு வழி உண்டு. ஒன்று, ரத்தத்தை வெள்ளையாக்கிவிட்டு அதற்குள் கறுப்பாக நிற்கும் ஓட்டையைத் தேடுவது. டைம் ஆஃப் ஃப்ளைட், பேலன்ஸ்டு சீக்வென்ஸ், கான்ட்ராஸ்ட் வீனோகிராம் (சிரைப் படம்) எல்லாமே இந்த வகை. மற்றொன்று, ரத்தத்தையும் கொழுப்பையும் கறுப்பாக்கிவிட்டு உறைகட்டியையே வெள்ளையாக ஒளிரச் செய்வது. இதற்கு நேரடி உறைகட்டிப் படம் என்று பெயர்.

உறைகட்டி எப்படித் தானாக ஒளிர்கிறது? உறைந்த ரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து, ஹீமோகுளோபின் மெட்ஹீமோகுளோபினாக மாறுகிறது. அந்த இரும்பில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஐந்து இருக்கின்றன. நாம் கான்ட்ராஸ்டாக ஊசியில் ஏற்றும் கடோலினியத்தில் ஏழு. இரண்டும் அருகிலுள்ள நீரின் டி1 நேரத்தை (தூண்டப்பட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) குறைத்து, டி1 படத்தில் அதை வெள்ளையாக்குகின்றன. அதாவது உறைகட்டி தனக்குள்ளேயே ஒரு கான்ட்ராஸ்டைத் தயாரித்துக்கொள்கிறது. இந்த முறையைக் காலுக்குப் பயன்படுத்தியதை ஆலன் மூடியும் அவருடைய குழுவினரும் 1998-ல் வெளியிட்டார்கள்.

முதல் வகைப் படத்தில் கறுப்பு என்பது ‘இங்கே ரத்த சிக்னல் இல்லை’ என்பது மட்டுமே. ஏன் இல்லை என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். உறைகட்டி அவற்றில் ஒன்று. எந்தப் படத்தைத் திறந்தாலும், இது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் விடும் முன்

பேஸ்மேக்கர், மூளை அனியூரிசம் கிளிப், காக்ளியர் இம்பிளான்ட், கண்ணில் உலோகத்துகள் ஆகிய வழக்கமான கேள்விகளை எல்லோரும் கேட்பார்கள். உறைகட்டி நோயாளிகளிடம் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை இவை.

ஹெப்பாரின் பம்ப். உறைகட்டி சந்தேகத்தில் இருப்பவருக்கு ஏற்கெனவே ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஓடிக்கொண்டிருக்கலாம். சாதாரண இன்ஃப்யூஷன் பம்பைக் காந்த அறைக்குள் தள்ளினால் அது ஏவுகணைபோல் பறக்கும். நீளமான டியூப் போட்டுப் பம்பை வெளியே நிறுத்துங்கள், அல்லது மருத்துவரிடம் கேட்டு ஸ்கேன் முடியும்வரை நிறுத்திவையுங்கள். நீங்களாக முடிவெடுத்து நிறுத்தக் கூடாது.

காலை அமுக்கும் காற்றுறைகள். உறையைக் கழற்றி, அதன் மோட்டாரை வெளியிலேயே வையுங்கள். அழுத்தக் காலுறை, விளையாட்டு உடை போன்றவற்றில் வெள்ளி அல்லது செம்பு இழை கலந்திருக்கலாம். அவை சூடாகித் தோலைச் சுட்டுவிடும். உடையை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறம் அலுமினியம் இருக்கும் என்பதால் அவற்றையும் கேளுங்கள்.

கீழ்ப்பெருஞ்சிரை ஃபில்டர். உறைகட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கச் சிரைக்குள் வைக்கும் உலோக வலை இது. பெரும்பாலான ஃபில்டர்களை நிபந்தனைகளோடு ஸ்கேன் செய்யலாம், ஆனால் எந்த மாடல் என்று அட்டையில் பார்த்து உறுதிசெய்த பிறகுதான். எஃகால் ஆன பழைய ஃபில்டர் தன்னைச் சுற்றிப் பெரிய கறுப்புக் குழியை உண்டாக்கும். அந்தக் குழிக்குள் உறைகட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ சொல்லாது.

கடைசி ஒரு நாளில் வேறு எங்காவது கடோலினியம் ஊசி போட்டார்களா, கடந்த மூன்று மாதத்தில் ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு ஊசி ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். இரண்டுமே ரத்தத்தின் சிக்னலை மாற்றி நேரடி உறைகட்டிப் படத்தைக் கெடுக்கும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைசுற்றல் ஏதாவது இருந்தால் அனுப்பிய மருத்துவரிடம் பேசாமல் ஸ்கேனைத் தொடங்க வேண்டாம். உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அந்த நிலையில் காந்தத்துக்குள் கழியும் நாற்பது நிமிடம் ஆபத்தானது.

படுக்க வைப்பதில்தான் பாதி வேலை

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை இலியாக் சிரையை நசுக்கும். நோயாளியும் பாதியில் நெளிவார்.

மல்லாந்து, கால் முதலில் உள்ளே போகும்படி படுக்கட்டும். இப்போது காலைப் பக்கத்திலிருந்து குனிந்து பாருங்கள். ஆடுசதை மேசைமேல் தட்டையாக நசுங்கிக் கிடந்தால், உள்ளே இருக்கும் சிரைகளும் அப்படித்தான் நசுங்கியிருக்கும். குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, ஆடுசதை மேசையைத் தொடாமல் தொங்கும்படி செய்யுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டினால் அதன் பின்னாலுள்ள பாப்லிட்டியல் சிரை அழுந்தும், ஆகவே அடியில் ஒரு மெல்லிய திண்டு வைத்து லேசாக மடக்குங்கள். சிக்னலை வாங்கும் காயிலைப் போர்த்திப் பட்டையை இழுக்கும்போது இறுக்க வேண்டாம். காயிலுக்கும் காலுக்கும் நடுவே உங்கள் விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். உறைகட்டியே இல்லாத காலில் ‘சிரை தெரியவில்லை’ என்று அறிக்கை வருவதற்கு, இப்படி இறுக்கிக் கட்டிய பட்டை காரணமாக இருப்பதுண்டு.

இரண்டு தொடைகளுக்கும், இரண்டு ஆடுசதைகளுக்கும் நடுவே பேட் வையுங்கள். தோலோடு தோல் ஒட்டினால் மின்னோட்டம் சுற்றிவர ஒரு வளையம் உண்டாகி, ஒட்டிய இடத்தில் தீக்காயம் வரும். கைகளையும் கோத்துக்கொள்ளக் கூடாது.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருப்பவரை மல்லாந்து படுக்க வைத்தால், கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை முதுகெலும்போடு வைத்து அமுக்கும். அவருக்கு மயக்கம் வரலாம். ரத்த ஓட்டம் தேங்கிப் படமும் பொய் சொல்லும். வலது இடுப்புக்கு அடியில் திண்டு வைத்து உடலை இடப்பக்கம் சாய்த்துவிடுங்கள்.

படம் எடுக்கும் வரிசை

கணுக்காலிலிருந்து சிறுநீரகச் சிரைகள் வரை எடுக்க வேண்டுமானால் மூன்று ஸ்டேஷன் (மேசையை நகர்த்தித் தனித்தனியாக எடுக்கும் பகுதி) தேவை. ஒவ்வொன்றும் 40 முதல் 45 செ.மீ. அடுத்தடுத்த ஸ்டேஷன்கள் 4-5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும், இல்லையென்றால் சேருமிடத்தில் ஒரு துண்டு சிரை விடுபட்டுப் போகும். கேள்வி இடுப்புக்கு மட்டும் என்றால் மேல் ஸ்டேஷன் ஒன்றே போதும்.

1. லொகலைசருக்கு (இடம் குறிக்க எடுக்கும் முதல் படம்) அடுத்து பேலன்ஸ்டு சீக்வென்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி ட்ரூ ஃபிஸ்ப், ஃபியஸ்டா, பேலன்ஸ்டு எஃப்எஃப்இ என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். குறுக்குவெட்டில் 4-5 மி.மீ. ஸ்லைஸ். ரத்தம் எந்தத் திசையில் ஓடினாலும், மெதுவாக ஓடினாலும் வெள்ளையாகத் தெரியும். சில நிமிடங்களில் முடியும், கான்ட்ராஸ்ட் வேண்டாம், கர்ப்பிணிக்கும் எடுக்கலாம். தமனியும் சிரையும் சேர்ந்தே வெள்ளையாக வருவதும், கறுப்புப் பட்டைகள் குறுக்கே விழுவதும் இதன் குறைகள். பட்டை சிரையின்மேல் விழுந்தால் உறைகட்டிபோலவே இருக்கும். ஷிம்மை (காந்தப்புலத்தைச் சீராக்கும் அமைப்பு) சரிசெய்து மறுபடி எடுங்கள்: பட்டை நகரும், உறைகட்டி நகராது. 3 டெஸ்லாவில் இந்தத் தொல்லை அதிகம்.

2. நேரடி உறைகட்டிப் படம். முப்பரிமாண டி1 கிரேடியன்ட் எக்கோ, கொரோனல் தளம் (உடலை முன், பின் என்று பிரிக்கும் தளம்). கொழுப்பை ஒதுக்க நீரை மட்டும் தூண்டும் பல்ஸ், ரத்தத்தை அணைக்க இன்வர்ஷன் பல்ஸ். ஃப்ளிப் ஆங்கிள் சுமார் 15 டிகிரி. மொத்தம் ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். இன்வர்ஷன் நேரத்தை (இன்வர்ஷன் பல்ஸுக்கும் படம் எடுப்பதற்கும் உள்ள இடைவெளி) வேறொரு மெஷினிலிருந்து அப்படியே எடுத்துவந்து போட வேண்டாம். ரத்தத்தின் டி1 நேரம் 1.5 டெஸ்லாவில் 1.4 விநாடிக்கு அருகிலும், 3 டெஸ்லாவில் 1.65 விநாடிக்கு அருகிலும் இருப்பதால், ஒன்றுக்குப் பொருந்தும் நேரம் மற்றதில் ரத்தத்தைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடும். படம் வந்ததும் தொடையின் தமனியைப் பாருங்கள். அது கறுப்பாக இருந்தால் அமைப்பு சரி. தமனியே வெளிறித் தெரிந்தால், சிரையின் வெண்மையை நம்பக் கூடாது.

இந்தப் படத்தைக் கடோலினியத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு எல்லாச் சிரையும் ஒளிரும். அன்றைக்கு அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

3. டைம் ஆஃப் ஃப்ளைட். ஸ்லைஸுக்குள் புதிதாக நுழையும் ரத்தம் வெள்ளையாகத் தெரியும். கான்ட்ராஸ்ட் கூடாதவர்களுக்கு ரத்த ஓட்டத்தைப் பார்க்க உதவுவது. இரு பரிமாணம், குறுக்குவெட்டு, 3-5 மி.மீ. ஸ்லைஸ். கால்களில் தமனி ரத்தம் கீழ்நோக்கி வருகிறது, சிரை ரத்தம் மேல்நோக்கிப் போகிறது. ஆகவே சாச்சுரேஷன் பேண்டை (அதன் வழியாக வரும் ரத்தத்தின் சிக்னலை அணைக்கும் பட்டை) ஸ்லைஸின் தலைப்பக்கம் வைத்து, ஸ்லைஸோடு சேர்ந்தே நகரும்படி அமையுங்கள். தமனி அணைந்து சிரை மட்டும் மிஞ்சும். பேண்டைத் தவறிப்போய்க் கால்பக்கம் வைத்தால், அழகான தமனிப் படம் வரும், சிரை ஒன்றுகூட இருக்காது. ஸ்லைஸ் வரிசையும் முக்கியம்: சிரை ஓட்டத்துக்கு எதிராக, மேலிருந்து கீழே வாருங்கள். ஓட்டத்தோடு சேர்ந்து மேலே போனால், முந்தின ஸ்லைஸில் களைத்துப்போன அதே ரத்தம் அடுத்த ஸ்லைஸிலும் வந்து நின்று சிக்னலைக் குறைக்கும்.

4. கான்ட்ராஸ்ட் வீனோகிராம், தேவைப்பட்டால் மட்டும். அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 70 கிலோ நோயாளிக்கு 7 மில்லிமோல். இங்கே ஓர் இடறல் இருக்கிறது. பெரும்பாலான மருந்துகள் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிமோல் செறிவுள்ளவை, அதாவது 14 மி.லி. கடோபுட்ரால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிமோல் என்பதால் 7 மி.லி. தான். மருந்து பிராண்ட் மாறிய நாளில் பழைய அளவையே இன்ஜெக்டரில் அடித்தால், இரட்டை டோஸ் ஏறும் அல்லது பாதி டோஸோடு வீணான படம் வரும். பாட்டிலின் லேபிளைப் படித்த பிறகே எண்ணை அடியுங்கள்.

ஊசிக்கு முன்பு ஒரு மாஸ்க் (பின்னால் கழித்துப் பார்ப்பதற்கான, கான்ட்ராஸ்ட் இல்லாத படம்) எடுங்கள். பிறகு கொழுப்பை அணைத்த முப்பரிமாண டி1 படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும்: வயிறு, இடுப்புச் சிரைகளுக்கு 70-90 விநாடியிலிருந்து, கால்களுக்கு 2-3 நிமிடம் வாக்கில். ஒரே ஒரு கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சிறுநீரகத்திலிருந்து கான்ட்ராஸ்டோடு சீக்கிரம் திரும்பும் ரத்தமும், காலிலிருந்து தாமதமாக வரும் வெறும் ரத்தமும் கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்கும்போது, நடுவில் கறுப்பாக ஓர் உருவம் தெரியும். அடுத்த கட்டத்தில் அது கரைந்துபோனால் கலவை. அசையாமல் நின்றால் உறைகட்டி.

சிறுநீரகத்தின் ஈஜிஎஃப்ஆர் (ரத்தத்தை வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழே இருந்தால் கடோலினியம் பற்றி ரேடியாலஜிஸ்ட் முடிவெடுக்கட்டும். கர்ப்பிணிக்கு, வேறு வழியே இல்லாதபோது தவிர, கொடுப்பதில்லை; முதல் மூன்று படிகளே பெரும்பாலும் போதும்.

ஏமாற்றும் படங்கள்

டைம் ஆஃப் ஃப்ளைட்டில் சிரை ஸ்லைஸுக்குள்ளேயே படுத்து ஓடினால் சிக்னல் குறையும். இலியாக் சிரை இடுப்பில் வளையும் இடத்தில் இது வழக்கம். இரண்டு சிரைகள் சேருமிடத்தில் சுழிப்பு ஏற்பட்டும் கறுப்புப் புள்ளி வரும். இடுப்பு மூட்டிலோ முழங்காலிலோ உலோகம் இருந்தால் பக்கத்துச் சிரை காணாமல் போகும்.

இதற்கு நேர்மாறான பொய் இன்னும் ஆபத்தானது. சில நாள் ஆன உறைகட்டி மெட்ஹீமோகுளோபினால் டி1-ல் வெள்ளையாக இருக்கும் என்றோம். டைம் ஆஃப் ஃப்ளைட்டும் டி1 சாயல் கொண்டதுதான். ஆகவே அடைபட்ட சிரையே, ரத்தம் ஓடும் சிரைபோல வெள்ளையாகத் தெரிந்துவிடும். கான்ட்ராஸ்ட் படத்திலும் இதே குழப்பம் வரும். மாஸ்க்கைக் கழித்துப் பார்ப்பது இதற்காகத்தான். கழித்த படத்தில் ரத்தம் ஓடும் சிரை வெள்ளையாகவே நிற்கும், உறைகட்டி கறுத்துவிடும்.

நேரடி உறைகட்டிப் படத்தில் கொழுப்பு சரியாக அணையாத இடங்கள் வெள்ளையாக வரும், குறிப்பாகக் கணுக்காலிலும் படத்தின் ஓரங்களிலும். தசைக்குள் ரத்தக்கசிவு, முழங்காலின் பின்னே ரத்தம் கலந்த பேக்கர் நீர்க்கட்டி, தோலுக்கடியில் உள்ள சிரையின் உறைகட்டி எல்லாமே ஒளிரும். வெண்மை ஆழ்சிரையின் பாதையிலேயே, தமனிக்குப் பக்கத்தில், நீளவாக்கில் தொடர்ந்து போகிறதா என்று பாருங்கள். சில மணி நேரமே ஆன உறைகட்டியில் மெட்ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகியிருக்காது, அதனால் ஒளிராமல் போகலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இடது பொது இலியாக் சிரையை வலது பொது இலியாக் தமனி ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்போடு வைத்து அழுத்துவதை 1957-ல் மே, தர்னர் இருவரும் விவரித்தார்கள். ஆனால் மல்லாந்து படுத்த, நோயே இல்லாத பலருக்கும் அந்த இடம் தட்டையாகத்தான் இருக்கும். தட்டையாக இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று எழுதிவிட வேண்டாம். அதற்குக் கீழே உறைகட்டி இருக்கிறதா, இடுப்பைச் சுற்றிக் கிளைச்சிரைகள் பருத்திருக்கின்றனவா என்று தேடுங்கள்.

புதியதா, பழையதா

புது உறைகட்டி சிரையை உப்ப வைக்கும்: பக்கத்துத் தமனியைவிடப் பெரிதாக, சுற்றிலும் திசு வீங்கி, கான்ட்ராஸ்டில் சிரைச்சுவர் மட்டும் மோதிரம்போல ஒளிர்ந்து தெரியும். பழைய அடைப்பில் சிரை சுருங்கியிருக்கும், சுவர் தடித்திருக்கும், உள்ளே நூல்போல வலைகள் ஓடும், சுற்றிலும் கிளைச்சிரைகள் வளர்ந்திருக்கும்.

நேரடி உறைகட்டிப் படம் இங்கே தெளிவான சாட்சி. உறைகட்டியின் வெண்மை மாதக்கணக்கில் மங்கி, ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடுகிறது. போன வருடம் உறைகட்டி வந்த காலில் இன்று வெண்மை தெரிந்தால் அது புதியது. 305 நோயாளிகளைக் கொண்டு 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், அதே காலில் மறுபடி சந்தேகம் வந்தவர்களுக்கு இந்தப் படத்தை வைத்தே சிகிச்சையை முடிவு செய்தார்கள். படம் சுத்தமாக இருந்தவர்களுக்கு அதன்பின் மூன்று மாதத்தில் உறைகட்டி வந்தது மிக அரிது. முதல் உறைகட்டி வந்து மூன்று நான்கு மாதமே ஆகியிருந்தால் மட்டும், பழைய வெண்மையே மிஞ்சியிருக்கலாம். ஆகவே முந்தைய உறைகட்டியின் தேதியைக் கேட்டு அறிக்கையில் எழுதுங்கள்.

அறிக்கையும் தொலைபேசியும்

உறைகட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மேல் நுனி சுவரில் ஒட்டியிருக்கிறதா, ரத்தத்தில் மிதக்கிறதா, கீழ்ப்பெருஞ்சிரைக்குள் நுழைந்திருக்கிறதா என்று எழுத வேண்டும். தொடைச்சிரையும் பாப்லிட்டியல் சிரையும் சிலருக்கு இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று நன்றாக ஓடுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, பக்கத்தில் அடைபட்டிருக்கும் மற்றொன்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. எந்தப் பகுதி சரியாகத் தெரியவில்லையோ அதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 2010-ல் வெளியான பயோபெட் 3 ஆய்வில் நுரையீரல் தமனியையும் கால் சிரையையும் சேர்த்து எம்ஆர்ஐயில் பார்த்தபோது, 52 சதவீதம் பேருக்குப் படம் தொழில்நுட்ப ரீதியாகப் போதுமானதாக இல்லை. தெரியாத பகுதியை ‘இயல்பு’ என்று எழுதினால், அதை நம்பி மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயின்’ என்ற பழைய பெயரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். பெயரில் ‘மேலோட்டமான’ என்று இருந்தாலும் அது ஆழ்சிரை. அந்தப் பெயரைப் படித்த மருத்துவர், தோலுக்கடியில் உள்ள சிரைதானே என்று எண்ணி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுக்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு. ‘ஃபெமரல் வெயின்’ அல்லது ‘தொடை ஆழ்சிரை’ என்றே எழுதுங்கள்.

இடுப்பிலோ தொடையிலோ புது உறைகட்டி தெரிந்தால், நோயாளி மேசையைவிட்டு இறங்கும் முன்பே ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டுக் கன்சோலில் காட்டுங்கள். அவர் அனுப்பிய மருத்துவரிடம் நேரடியாகப் பேசி, பேசிய நேரத்தையும் யாரிடம் சொன்னார் என்பதையும் அறிக்கையில் குறிப்பார். ஹெப்பாரினை நிறுத்திவைத்திருந்தால், பம்பை மறுபடி இணைத்து ஓட விட்ட பிறகே நோயாளியை வார்டுக்கு அனுப்புங்கள்.